ஒரு வயிற்றில் இரு மருந்து

தேயிலைத் தோட்டங்களிலே கருவுற்ற தாய்மார் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம் என்பதே அது. மருத்துவ மாது லயத்துக்கு வரும்போதும் இதைச் சொல்வார். தாய்மார் சிகிச்சை நிலையத்திலும் இதைச் சொல்வார்கள். விடியற்காலையில் எழுந்ததும் ஒரு கோப்பை, பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு கோப்பை, மலையிலிருந்து இறங்கியதும் ஒரு கோப்பை என்று வாழ்ந்து பழகிய மக்களுக்கு இந்த அறிவுரை சற்றுக் கடினமானதே. ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் வயிற்றுக்குள்ளே இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட இரும்பு குடலின் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வது குறைந்துவிடுகிறது. மாத்திரை விழுங்கப்பட்டது உண்மை. ஆனால் அதன் பயனில் பெரும் பகுதி உடலுக்குக் கிட்டவில்லை.

இந்தச் சிறிய செய்தியிலே பெரிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. மருந்தானது வாயில் இட்ட மாத்திரத்தில் வேலையை முடித்துவிடுவதில்லை. அது வயிற்றில் கரைய வேண்டும். குடலின் வழியே இரத்தத்தில் ஏற வேண்டும். நோயுள்ள இடத்தைப் போதிய அளவிலே சென்றடைய வேண்டும். இந்தப் பயணத்தின் இடையிலே வேறொரு பொருள் குறுக்கிட்டால், நல்ல மருந்தும் பயனற்றுப் போகலாம். குறுக்கிடும் பொருள் தேநீராக இருக்கலாம். மற்றொரு மருந்தாகவும் இருக்கலாம். நெஞ்செரிவுக்கு உண்ணும் மாத்திரைக்கும் எச்.ஐ.வி. நோய்க்கு உண்ணும் மாத்திரைக்கும் இடையே இத்தகைய பகை உண்டு. தனித்தனியே இரண்டும் நல்ல மருந்துகள். நேரமும் வகையும் அறியாமல் ஒரே வயிற்றில் அவற்றைச் சேர்த்துவிட்டால், வலிமை குறைந்த நோய்க்கான மருந்து, வலிமை மிகுந்த நோய்க்கான மருந்தைக் கெடுத்துவிடுகிறது.

முதலிலே நெஞ்செரிவைப் பற்றிச் சிறிது காண்போம். நமது இரைப்பையிலே வலிமை மிக்க அமிலம் ஒன்று சுரக்கிறது. உணவைச் செரிக்கச் செய்வதற்கும், உணவோடு புகும் கிருமிகளை அழிப்பதற்கும் அது வேண்டியதே. இரைப்பையின் உட்சுவர் அந்த அமிலத்தைத் தாங்கும் வகையில் அமைந்துள்ளது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டுக்கும் இடையே வாயிற்கதவு போல் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்துபோகும்போது அமிலம் மேலெழுந்து உணவுக்குழாயைச் சுடுகிறது. நெஞ்சின் நடுவே எரிவும், தொண்டையிலே புளித்த ஏப்பமும் தோன்றுகின்றன. மக்கள் இதனைக் 'கேஸ்டிக்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள்.

தோட்டத்து வாழ்க்கையின் ஒழுங்கு இந்த நோவுக்கு இடங்கொடுப்பதாகவே இருக்கிறது. காலையில் அவசர அவசரமாக ரொட்டியும் காரமான சம்பலும். பின்னர் நெடுநேரம் வெறும் வயிறு. நடுப்பகலிலே விரைந்து ஓர் உணவு. உண்டதும் மீண்டும் குனிந்து நிமிர்ந்து சரிவிலே வேலை. இரவிலே வயிறு நிறைய உண்டு, குளிர் தாங்காமல் உடனே கம்பளிக்குள் புகுவதும் வழக்கம். உண்டவுடன் குனிவதும் படுப்பதும் அமிலம் மேலெழுவதற்கு வழி செய்கின்றன. மிகுந்த காரம், புகை, மது, அடிக்கடி பருகும் கடுஞ்சாயத் தேநீர் ஆகியனவும் பலருக்கு எரிவை மிகுவிக்கின்றன. ஆதலின் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ மருந்துக் கடைக்குச் சென்று, பெயர் சொல்லியும் சொல்லாமலும் நெஞ்செரிவு மாத்திரை வாங்குவது எவருக்கும் புதுமையான செயல் அன்று.

அவ்வாறு வாங்கும் மருந்துகள் மூன்று வகைப்படும். முதல் வகை, வயிற்றில் ஏற்கெனவே உள்ள அமிலத்தை முறிப்பவை. அலுமினியம், மக்னீசியம், கல்சியம் முதலியவற்றின் உப்புகளால் செய்யப்பட்ட மெல்லும் மாத்திரைகளும் வெண்ணிறப் பால் போன்ற பாணிகளும் இவ்வகையின. இரண்டாம் வகை, அமிலம் சுரப்பதற்கு வரும் கட்டளையைத் தடுப்பவை. ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞரான ஜேம்ஸ் பிளாக் என்பவர் இந்த வழியைக் கண்டார். அவருடைய ஆராய்ச்சியின் பயனாக சிமெட்டிடின் என்னும் மருந்து 1976ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார். இன்று வழக்கிலுள்ள பமோட்டிடின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்றாம் வகை, அமிலத்தைச் சுரக்கும் உயிரணுக்களின் இயந்திரத்தையே நிறுத்திவைப்பவை. 1988ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டில் வெளிவந்த ஒமெப்பிரசோல் இவற்றுள் மூத்தது. முதல் வகையின் ஆற்றல் சில மணி நேரத்தில் அடங்கும். மூன்றாம் வகையின் ஆற்றலோ ஒரு நாளைக் கடந்தும் நிற்கும். இந்த வேறுபாடு பின்னர் பயன்படும்; ஆகவே மனத்தில் இருத்திக்கொள்வது நன்று.

இனி மற்றைய மருந்துக்கு வருவோம். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரசு 1983ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திலே கண்டறியப்பட்டது. 1986ஆம் ஆண்டில் சென்னையிலே டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த சோதனைகளால், அந்தக் கிருமி இந்தியாவிலும் உள்ளது என்பது முதன்முதலாக வெளிப்பட்டது. இலங்கையர் ஒருவருக்கு இத்தொற்று உள்ளதாக முதலிலே அறியப்பட்ட ஆண்டு 1987. அந்நாளிலே இந்நோய் என்றால் மரணம் என்றே பொருள். 1996ஆம் ஆண்டளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பின்னர் நிலைமை மாறியது. 2001ஆம் ஆண்டில் மும்பாயைச் சேர்ந்த சிப்லா நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைந்த செலவில் அந்தக் கூட்டு மருந்தைத் தர முன்வந்தது. ஏழை நாடுகளுக்கும் அதனால் கதவு திறந்தது. இலங்கை அரசாங்கம் 2004ஆம் ஆண்டிலிருந்து இம்மருந்துகளை இலவசமாக வழங்கிவருகிறது.

மருந்து இந்த வைரசை உடலிலிருந்து முற்றாக அகற்றிவிடுவதில்லை. அது பெருகாதவாறு அடக்கிவைக்கிறது. நாள்தோறும் தவறாது மருந்து உண்பவரின் இரத்தத்திலே வைரசின் அளவு சோதனைக்கும் அகப்படாத நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது. அந்த நிலையில் இருக்கும்வரை அவருடைய உடல் நலம் காக்கப்படுகிறது. அதுமட்டுமன்று, உடலுறவின் வழியாக அவருடைய வாழ்க்கைத் துணைக்கு நோய் பரவுவதும் இல்லை. இன்று பெரும்பாலான நாடுகளிலே, டொலூட்டெகிராவிர், டெனோபோவிர், லாமிவுடின் என்னும் மூன்று மருந்துகளையும் ஒன்றாக்கிய ஒரே மாத்திரை நாளுக்கொரு முறை கொடுக்கப்படுகிறது. டொலூட்டெகிராவிரை முதல் மருந்தாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் எல்லோருக்கும் பொதுவாகப் பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் கைநிறைய மாத்திரை விழுங்கியவர்கள், இன்று ஒரு மாத்திரையால் வாழ்கிறார்கள். ஆயினும் அந்த ஒரு மாத்திரை முழுமையாக இரத்தத்தில் சேர வேண்டும் என்பதே நிபந்தனை.

இந்த நிபந்தனையை நெஞ்செரிவு மருந்துகள் இரண்டு வழிகளிலே குலைக்கின்றன.

முதல் வழி, கரையவிடாமல் செய்வது. சில எச்.ஐ.வி. மருந்துகள் அமிலத்திலே மட்டும் நன்கு கரைவன. அமிலம் குறைந்த வயிற்றில் அவை கரையாமல் கிடந்து கழிந்துவிடும். 2003ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த அட்டாசானாவிர் இத்தகையது. ஒமெப்பிரசோல் உண்பவர்களுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்திற் சேரும் அளவு ஏறத்தாழ முக்காற்பங்கு குறைந்துபோயிற்று. 2011ஆம் ஆண்டில் வந்த ரில்பிவிரினும் அமிலத்தை நாடும் மருந்தே. ஒமெப்பிரசோல் அதன் அளவை நூற்றுக்கு 40 பங்கு குறைத்துவிடுகிறது. ஒமெப்பிரசோலின் ஆற்றல் நாள் முழுவதும் நிற்பதால், நேரத்தை மாற்றி உண்டு தப்பிக்கவும் இயலாது. ஆகையால் ரில்பிவிரின் மாத்திரை உண்பவர்கள் ஒமெப்பிரசோல் குடும்பத்து மருந்துகளை அறவே உண்ணலாகாது என்பது விதி. பமோட்டிடினின் கதை வேறு. ரில்பிவிரினுக்கு 2 மணி நேரம் முன்னதாக அதனை உண்டால் இழப்பு முக்காற்பங்கு. 12 மணி நேரம் முன்னதாக உண்டால் இழப்பு மிகச் சிறிது. ஒரே இரு மருந்துகள். இடையிலுள்ள நேரம் மட்டுமே வேறு.

இரண்டாம் வழி, பற்றிக்கொள்வது. இன்று பலரும் உண்ணும் டொலூட்டெகிராவிர் இந்த வழியில் கெடுகிறது. இதன் உட்பொருள் சுவையானது. எச்.ஐ.வி. வைரசு மனித உயிரணுவுக்குள் நுழைந்ததும், தன் மரபுச் செய்தியை அந்த உயிரணுவின் மரபுச் செய்தியோடு தைத்துவிடுகிறது. அதற்கு ஊசி போல் பயன்படும் நொதியம் ஒன்று அதனிடத்தில் உண்டு. அந்த நொதியத்தின் மையத்திலே மக்னீசியம் இருக்கிறது. டொலூட்டெகிராவிர் அந்த மக்னீசியத்தை இறுகப் பற்றிக்கொண்டு ஊசியை அசையாமல் நிறுத்திவிடுகிறது. மக்னீசியத்தைப் பற்றும் அந்தப் பண்பே அதன் வலிமை. ஆனால் வயிற்றிலே அமில முறிப்பு மாத்திரையின் மக்னீசியமும் அலுமினியமும் நிறைந்திருந்தால், மருந்து அங்கேயே அவற்றைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. பகைவனைப் பிடிக்க நீட்டிய கை, வாயிற்படியிலேயே வழிப்போக்கனைப் பிடித்துக்கொண்டது போலாகிறது. இரண்டையும் ஒருங்கே உண்டபோது டொலூட்டெகிராவிரின் அளவு நூற்றுக்கு 74 பங்கு குறைந்தது என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். டொலூட்டெகிராவிரை உண்டு 2 மணி நேரம் கழித்து அமில முறிப்பை உண்டபோது, குறைவு 26 பங்காகச் சுருங்கிற்று. ஒமெப்பிரசோலோ இந்த மருந்துக்குத் தீங்கு செய்வதில்லை. ஏனெனில் அது அமிலத்தைக் குறைக்குமேயன்றி, பற்றுதற்குரிய உலோகம் எதனையும் கொண்டு வருவதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ரில்பிவிரினுக்குப் பெரும்பகையான ஒமெப்பிரசோல், டொலூட்டெகிராவிருக்குத் தீங்கற்றது. எளிய பொருளென்று எல்லோரும் எண்ணும் வெள்ளை மெல்லும் மாத்திரையோ டொலூட்டெகிராவிருக்குப் பகையாகிறது. எனவே 'இது சாதாரண மாத்திரை, இதனால் என்ன வரும்' என்று சொல்லிக்கொள்வதும், 'அடுத்த வீட்டார் உண்டு ஒன்றும் நேரவில்லை' என்று தேறுவதும் பொருந்தா. எந்த எச்.ஐ.வி. மருந்து, எந்த நெஞ்செரிவு மருந்து என்று பெயர் சொல்லிக் கேட்ட பின்னரே விடை கூற முடியும்.

மருந்தின் அளவு குறைந்தால் யாது நேரும்? முதலில் ஒன்றும் நேர்ந்ததாகத் தோன்றாது. இதுவே இந்தக் கேட்டின் கொடிய இயல்பு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நெஞ்செரிவும் தணிந்திருக்கிறது. உள்ளேயோ, அரைகுறை மருந்தின் நடுவே வைரசு பெருகத் தொடங்குகிறது. பெருகும்போது அதன் வடிவங்கள் மாறுகின்றன. அவற்றுள் மருந்துக்கு அடங்காத வடிவம் ஒன்று தோன்றிவிட்டால், அதன் பின்னர் அம்மருந்தை முழு அளவிலே உண்டாலும் பயன் கிட்டாது போகலாம். இவ்வகையில் ரில்பிவிரின் விரைவில் தோற்கும். டொலூட்டெகிராவிர் நெடுநாள் எதிர்த்து நிற்கும். ஆயினும் எந்த மருந்தும் என்றென்றும் தாங்காது. வைரசின் அளவு உயர்ந்துவிட்டால் நோயாளி மட்டும் துன்புறுவதில்லை; அவருடைய துணைக்கிருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது.

கருவுற்ற தாய் ஒருத்திக்கு இந்தத் தொற்று இருக்குமானால், கவலைக்குரிய உயிர் வயிற்றுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. தாய் முறையாக மருந்து உண்டால் குழந்தைக்கு நோய் தொற்றாமல் காக்கலாம். இலங்கை இதிலே பெரும் வெற்றி கண்டிருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசு நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அந்த வெற்றியைக் காத்துக்கொள்வதற்கு இந்த மருந்துப் பகையை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் கருவுற்ற தாய்க்கு நெஞ்செரிவு மிகுதி. அத்துடன் தாய்மார் சிகிச்சை நிலையத்திலே இரும்பு மாத்திரையும் கல்சிய மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. இரும்பும் கல்சியமும் டொலூட்டெகிராவிர் பற்றிக்கொள்ளும் உலோகங்களே. வெறும் வயிற்றிலே இரும்போடு சேர்த்து உண்டால் மருந்தின் அளவு பாதிக்கும் மேலாகக் குறைகிறது. கல்சியத்தோடு உண்டால் நூற்றுக்கு 39 பங்கு குறைகிறது. ஆனால் இதற்கு எளிய மாற்றும் உண்டு. நிறைய உணவோடு இரண்டையும் உண்டால் அந்த இழப்பு ஏறத்தாழ இல்லாமற் போகிறது. இந்தச் சலுகை இரும்புக்கும் கல்சியச் சத்து மாத்திரைக்கும் மட்டுமே உரியது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த நெஞ்செரிவு மாத்திரைக்கு இல்லை.

இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட செய்தி நோயாளியின் செவிக்கு எட்டாமற் போவது ஏன்? மலையகத்திலே மருந்து வரும் வாயில்கள் பல. தோட்டத்து மருந்துச்சாலை ஒன்று. தொழிலாளருக்குத் தோட்டமே வைத்திய உதவி அளிக்க வேண்டும் என்னும் ஏற்பாடு ஆங்கிலேயர் காலத்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் அதனை வகுத்தது. அரசாங்க வைத்தியசாலை மற்றொன்று. டிக்கோயாவிலே இந்திய உதவியுடன் அமைக்கப்பட்ட வைத்தியசாலைக் கட்டடம் 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. எச்.ஐ.வி. மருந்து கிடைப்பதோ, அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில். இவை தவிர நகரத்து மருந்துக் கடையும் உண்டு. ஒரே மனிதர் நான்கு வாயில்களிலும் மருந்து பெறலாம். ஒவ்வொரு வாயிலில் நிற்பவரும் தாம் கொடுத்ததை அறிவார். பிறர் கொடுத்ததை அறியார். எல்லா மருந்தும் ஒன்றுகூடும் இடம் நோயாளியின் வயிறு ஒன்றே.

இதனோடு மறைவும் சேர்ந்துவிடுகிறது. ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்ப்போம். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்த இளைஞர் ஒருவர், அங்கே சோதனை செய்து, மருந்து தொடங்கி, பின்னர் தோட்டத்துக்கே திரும்பிவிடுகிறார். லயத்துக் காம்பரா சிறியது. பக்கத்துக் காம்பராவிலே இருமினாலும் இங்கே கேட்கும். மாத்திரைப் போத்தலை வைப்பதற்கும் மறைவிடம் இல்லை. பகலெல்லாம் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் உறங்கிய பின்னர், இருளிலே, மாத்திரையை எடுத்து விழுங்குகிறார். இரவு உணவின் எரிவு அப்போதுதான் நெஞ்சிலே ஏறுகிறது. கடையில் வாங்கிய வெள்ளை மாத்திரைகள் இரண்டை அதே நேரத்தில் மென்றுவிட்டுப் படுக்கிறார். ஒரு நாள் இவ்வாறு நேர்ந்தால் பெருங்கேடில்லை. இதுவே நாள்தோறும் வழக்கமாகி மாதங்கள் கழிகின்றன. சிகிச்சை நிலையத்திலே இரத்தச் சோதனை செய்கையில் வைரசு மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. 'மருந்தைத் தவறவிட்டீரா?' என்று கேட்கிறார்கள். 'ஒரு நாளும் இல்லை' என்கிறார். அவர் சொல்வது உண்மை. ஆயினும் அவருடைய சொல் நம்பப்படுவது அரிது. நெஞ்செரிவைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அது சொல்லத்தக்க செய்தி என்று அவருக்கும் தோன்றவில்லை.

இந்த இளைஞரைக் கெடுத்தது கவலையீனம் அன்று. அவர் கொண்ட அச்சமே மருந்தின் நேரத்தையும் தீர்மானித்தது. நோயாளியைக் கண்டு ஒதுங்குவதும், அவர் பருகிய கோப்பையைத் தனியே வைப்பதும், திருமணப் பேச்சிலும் கோயில் திருவிழாவிலும் அவருடைய குடும்பத்தைச் சுட்டிப் பேசுவதும் அந்த அச்சத்தை வளர்க்கின்றன. எச்.ஐ.வி. ஒரே கோப்பையில் பருகுவதனாலோ, ஒரே காம்பராவில் உறங்குவதனாலோ, கைதொட்டுப் பழகுவதனாலோ பரவுவதில்லை. அயலவர் இதனை அறிந்து நடந்துகொண்டால், ஒரு மாத்திரையை ஒளித்து உண்ணவேண்டிய தேவையே குறைந்துபோகும்.

இனி, செய்யத்தக்கவை யாவை என்று பார்ப்போம். எச்.ஐ.வி. மருந்து உண்பவர், தம் மருந்தின் பெயரை மனப்பாடமாகவோ சீட்டிலோ வைத்திருத்தல் வேண்டும். நெஞ்செரிவு மாத்திரை, இரும்பு, கல்சியம், சத்து மாத்திரை, கைவைத்தியம் எதுவாயினும், உண்பதற்கு முன்னர் தம்முடைய சிகிச்சை நிலையத்திலே கேட்டுக்கொள்வது நலம். கடையிலே பலர் நடுவில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'நான் நாள்தோறும் உண்ணும் மாத்திரை ஒன்றுண்டு, அதன் பெயர் இது, இதனோடு ஒத்துப்போகுமா?' என்று சீட்டைக் காட்டி, மருந்தாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்டால் போதும். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருந்தாளரின் கடமை. வைத்திய உதவியாளரின் கடமையும் அதுவே.

டொலூட்டெகிராவிர் உண்பவருக்குரிய நேரக் கணக்கு எளிது. அமில முறிப்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ, 6 மணி நேரம் பின்னதாகவோ டொலூட்டெகிராவிரை உண்ண வேண்டும். இரவு 8 மணிக்கு அதனை உண்ணும் வழக்கமுடையவர், பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் அமில முறிப்பை உண்ணாமல் இருந்து, இரவு 10 மணிக்குப் பின்னர் வேண்டுமாயின் உண்ணலாம். ரில்பிவிரினும் அட்டாசானாவிரும் உண்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதனை வைத்தியரே வகுத்துக் கொடுத்தல் வேண்டும். அறியாமல் இரண்டையும் சேர்த்து உண்டுவிட்டவர் அஞ்சி நடுங்கவும் வேண்டாம். ஈடுசெய்வதற்காக மாத்திரையை இருமடங்கு விழுங்கவும் வேண்டாம். நடந்ததைச் சிகிச்சை நிலையத்திலே மறைக்காமற் சொன்னால், அவர்கள் சோதனை செய்து வழி கூறுவார்கள். எவ்வாறாயினும் எச்.ஐ.வி. மருந்தைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

நெஞ்செரிவையே குறைக்கும் வழிகளும் உண்டு. இரவு உணவை அளவோடு, படுப்பதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்னதாக உண்ணுதல். காரத்தையும் கடுஞ்சாயத்தையும் தணித்தல். புகையையும் மதுவையும் விடுதல். படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துதல் ஆகியவை பலருக்கு நலம் தருவன. வாரக்கணக்கில் நீங்காத எரிவுக்கு மாத்திரை மென்றுகொண்டே இருத்தல் தகாது. இரைப்பைப் புண்ணுக்கு ஒருவகை நுண்கிருமியே பெருங்காரணம் என்பதை ஆவுஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ரொபின் வாரனும் நிறுவி, 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் புண்ணைத் தக்க மருந்தால் ஆற்றிவிடலாம். விழுங்குவதிலே தடை, காரணமின்றி உடல் மெலிதல், கருநிற மலம், இரத்த வாந்தி ஆகியவை தோன்றினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சில் எழும் நோவு கைக்கோ தாடைக்கோ பரவி வியர்வையும் உண்டானால், அது இருதய நோயாகவும் இருக்கலாம். அதனைக் 'கேஸ்டிக்' என்று தள்ளிவிடலாகாது.

மருந்து கொடுப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தோட்டத்து மருந்துச்சாலையாயினும் நகரத்துக் கடையாயினும், நெஞ்செரிவுக்கு மாத்திரை கேட்டு வருபவர் எவரிடமும், 'வேறு மருந்து ஏதேனும் உண்கிறீர்களா?' என்று வினவுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். சிலரிடம் மட்டும் கேட்டால் அது ஐயமாகத் தோன்றும். எல்லோரிடமும் கேட்டால் அது முறைமையாகிவிடும். எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்தில் இருப்பவர்களும், 'மருந்தைத் தவறவிட்டீரா?' என்ற கேள்வியோடு நிறுத்தாமல், 'அதனோடு வேறு எதனை உண்டீர்?' என்பதையும் கேட்டல் வேண்டும். அந்தக் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்க வேண்டுமானால், கேட்கும் குரலிலே கனிவும், கேட்கும் இடத்திலே மறைவும் இருத்தல் வேண்டும்.